யார் வீட்டு உலை?
வீட்டுச் சபையும் தலித் சாட்சியமும்

தமிழ் தலித் எழுத்து கிறிஸ்தவத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறது. ஆனால் அது பேசிய கிறிஸ்தவம் பெரும்பாலும் கல்லுக் கட்டடக் கிறிஸ்தவம். கோபுரம், மணி, சாமியார் பங்களா, சிஸ்டர்மார் கான்வென்ட், போர்டிங் ஸ்கூல், கல்லறைத் தோட்டம். இதுக்கு வெளியே, சேரிக்குள்ளேயே, ஒரு தொகுப்பு வீட்டு முன்னறையில பத்துப் பதினைஞ்சு பேர் பாயை விரிச்சு உட்கார்ந்து நடத்துகிற சபை, நான் வாசித்த அளவில், நம்ம எழுத்துக்குள் வரவே இல்லை. ஏன் வரல? வராததால நாம எதை இழந்திருக்கிறோம்? இதுதான் என் கேள்வி.

நான் வைகை அணைப் பக்கத்துக் காலனிக்காரன். 1959இல் காமராசர் திறந்து வைத்த அணை. 71 அடி. அதைப் பார்க்க, பூங்காவுல உட்கார, பொரிச்ச மீன் திங்க எங்கெங்கிருந்தோ வருவாக. தேக்கி வைத்த தண்ணி மதுரைக்கும் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் போகும். பக்கத்துல கெடக்கிற ஆண்டிபட்டிக் கரட்டு நிலம் மானம் பார்த்தே கிடக்கும். அணைக்காக ஊரையும் காட்டையும் இழந்த சம்சாரிகளுக்கு வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' இருக்கிறது. 2003க்கான சாகித்ய அகாதமி பரிசும் அதுக்குக் கிடைச்சிருச்சு. முழுகிப்போறதுக்கு நிலமே இல்லாதவுகளுக்கு இதிகாசம் கிடையாது. அவுக தங்கள் கதையைத் தங்கள் வாயால, நாலு பேர் கேட்க, குறுக்கே யாரும் பேசாம சொல்லுகிற இடம் ஒன்று உண்டென்றால் அது வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெபக்கூட்டம்தான்.

எங்க பெரியம்மா வீட்டுல நடக்கும். அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு. மழை பெய்தால் மேற்கூரை சொட்டும். போதகருக்கு ஒரு பிளாஸ்டிக் சேர், மற்ற எல்லாருக்கும் பாய். ஒரு கஞ்சிரா. கரும்பு வெட்டிவிட்டு வந்த பொம்பளைகள், வாழைத் தோட்டத்துல இருந்து வந்தவுக, கம்பம் பக்கம் திராட்சைக் கொடிக்கும், எல்லை தாண்டி இடுக்கி மலையில ஏலக்காட்டுக்கும் ஜீப்புல போய் வருகிற சொந்தக்காரப் பொண்ணுக. குளிச்சு, தலையில முந்தானையைப் போட்டு வந்து உட்காருவாக. நான் விசுவாசி அல்ல. அங்கே போய் உட்காருவது பெரியம்மா வளர்த்த பிள்ளையாக. அதோடு ஒரு வாசகனாகவும்தான். ஏனென்றால் அங்கே ஒரு இலக்கிய வடிவம் உயிரோடு இருக்கிறது. அதுக்குப் பேரு சாட்சி.

முதலில் நம் புத்தகங்களைப் பார்ப்போம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. அதை ஒட்டி தலித் வட்டாரத்தில் காரசாரமான விவாதமும் வந்தது. 2002இல் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்'. மூன்றும் வேறு வேறு எழுத்து. ஆனால் மூன்றிலும் வருகிற கிறிஸ்தவம் கத்தோலிக்கக் கிறிஸ்தவம். ஆரோக்கியம் தன் மகனைச் சாமியாருக்கு விடணும் என்று ஏங்குவாள். சிலுவை பாதிரியார் பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் நடுவில் வளருவான். பாமா கான்வென்ட்டுக்குள் போய், அங்கேயும் சாதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வெளியேறுவார். மூன்றிலும் கோயில் என்பது நமக்கு வெளியே, நமக்கு மேலே நிற்கிற ஒன்று. நாம் அதுக்குள் போக வேண்டும், அது நம்மை விட வேண்டும் அல்லது தள்ள வேண்டும். கதையின் விசை அந்த வாசல்படியில்தான் இருக்கிறது.

இது நியாயமான கதைதான். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்தார்கள். 1910இல்தான் அதை இடித்தார்கள். 2008இல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். கல்லுக் கோயிலோடு நமக்குள்ள கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கல்லுக் கோயிலை மட்டுமே எழுதுகிறபோது ஒரு தப்பான சித்திரம் உருவாகிறது: தலித் கிறிஸ்தவர் என்றால் எப்போதும் வாசலில் நிற்கிறவர், கடவுளைப் பற்றிப் பேசுகிறவர் எப்போதும் வேற ஆள். வீட்டுச் சபையில் வாசல் நம்முடையது. பேசுகிறவளும் நம்ம ஆளு. அங்கே பிரச்சனை வேற மாதிரி வருது. அதை வாசிக்க நமக்கு வேற கண்ணு வேணும்.

சாட்சிக்கு வருகிறேன். பாட்டு முடிந்து ஒருத்தர் எழுந்திருப்பார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்பார். போன வாரம் பட்ட பாட்டைச் சொல்லுவார், ஜெபித்ததைச் சொல்லுவார், விடுதலை வந்ததைச் சொல்லுவார், உட்காருவார். வடிவம் கறாரானது. ஒப்பாரிக்கு இருக்கிற மாதிரி, தாலாட்டுக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் அச்சு இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத என் பெரியம்மா, ரேஷன் கடையில வாய் திறக்காத பெரியம்மா, இந்த அச்சுக்குள் நின்று பத்து நிமிசம் தடங்கலில்லாமல் பேசுவாக. ஒருநாள் சொன்ன சாட்சி இது:

"போன வாரம் தோட்டத்துல கூலி குடுக்கல. வீட்டுல அரிசி இல்ல. நா முழங்கால்ல நின்னேன். கர்த்தரு அவரு மனச எளக்குனாரு. திங்கக்கெழம காசு வந்துருச்சு. அல்லேலூயா."

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாக. கூட்டம் முடிந்து அடுப்படியில வட்டில் கழுவிக்கொண்டே அதே பெரியம்மா அதே கதையை எனக்குச் சொன்னது வேற:

"ஏய்யா, மூணு தடவ போயி வாசல்ல நின்னோம். உள்ள இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னாரு. அப்பறம் அஞ்சு பேரும் கூடிப் பேசி, நாளைக்கு ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டோம், காயி கொடியிலயே அழுகட்டும்ன்னு சொன்னோம். அன்னைக்கிச் சாயங்காலமே வேலிக்கு மேல கவர நீட்டுனாக. கையில தர மாட்டாகள்ல."

இந்த இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வைத்து வாசியுங்கள். முதல் கதையில் வினைசெய்கிறவர் கர்த்தர் ஒருவர்தான். பெரியம்மா மண்டியிட்டாக, அவ்வளவுதான். முதலாளிக்கு ஒரு மனசு மட்டும் இருக்கிறது, அது இளகுகிறது. இரண்டாவது கதையில் 'நாங்க' வருகிறது. அஞ்சு பேர் வருகிறார்கள். வேலி வருகிறது. கையில் தராமல் நீட்டிய தீண்டாமை வருகிறது. சாட்சியின் அச்சு இந்த நாலையும் வெளியே தள்ளிவிடுகிறது. அந்த அச்சுல வேலைநிறுத்தத்துக்கு இடமில்லை. தீண்டாமைக்குப் பேரில்லை, அது 'சோதனை'.

இதோடு நிறுத்தினால் நம்ம தோழர்கள் பலர் கைதட்டுவார்கள். மதம் மயக்க மருந்து, பாரு, போராட்டத்தை எடுத்து ஆண்டவன் கணக்குல எழுதிட்டாக என்பார்கள். நான் அங்கே நிற்கவில்லை. அந்த அஞ்சு பேர் யார்? அஞ்சு பேரும் வெள்ளிக்கிழமை அதே பாயில உட்காருகிறவர்கள். ஒருத்தி புருசன் குடித்துவிட்டு அடித்தால் மற்ற நாலு பேர் போய் நிற்பாக. ஒருத்தி பெரியாஸ்பத்திரியில கிடந்தால் இன்னொருத்தி துணைக்குப் போய்ப் படுப்பா. சங்கம் வைக்கிற அளவுக்கு ஒருத்தரை ஒருத்தர் நம்பப் பழகினது அந்த வீட்டில்தான். ஆகவே என் விமர்சனம் இது: அந்த வீடு 'நாங்க' என்பதை உண்டாக்குகிறது, அந்த வீட்டின் மொழி 'நாங்க' என்பதை மறைக்கிறது. இந்த முரண்பாட்டை மதம் என்று ஒதுக்குகிறவரும் பார்க்க மாட்டார், ஆவி என்று மெச்சுகிறவரும் பார்க்க மாட்டார்.

இங்கிருந்து திரும்பிப் போய்ப் பார்த்தால் 'கருக்கு' வேற மாதிரித் தெரிகிறது. அதைத் தன்வரலாறு என்றும் நாவல் என்றும் பேசியிருக்கிறோம். நான் அதைச் சாட்சி என்று வாசிக்கிறேன். தலைப்பே இரண்டு பக்கமும் அறுக்கிற பனங்கருக்கு. இரண்டு பக்கமும் வெட்டுகிற வாள் என்று வேதம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதோடு பாமாவே அதை இணைத்துக் காட்டியிருக்கிறார். அச்சு சாட்சியின் அச்சுதான்: பாடுகள், அழைப்பு, திருப்பம். ஆனால் திருப்பம் தலைகீழ். வழக்கமான சாட்சியில் ஒருத்தி உலகத்தை விட்டுச் சபைக்குள் வருவாள். இதில் ஒருத்தி துறவற சபையை விட்டுத் தெருவுக்கு வருகிறாள். வழக்கமான சாட்சியில் பேர் சொல்லக்கூடாத ஒன்றான சாதி இதில் பேரோடு வருகிறது. பேச்சு மொழியிலேயே எழுதினதால் புதுமை என்று பாராட்டிய விமர்சகர்கள், அந்தப் பேச்சு எங்கே பழக்கப்பட்ட பேச்சு என்று யோசிக்கவில்லை. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று தன் பாட்டைத் தானே சொல்லலாம் என்ற துணிச்சல் நம்ம பொம்பளைகளுக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வரவில்லை.

இனி உலைக்கு வருவோம். வீட்டுச் சபை புதுசாக வந்த பெந்தெகொஸ்தே ஏற்பாடு என்று நினைக்கிறவர்கள் உண்டு. முதல் நூற்றாண்டுகளில் சபைக்குக் கட்டடமே கிடையாது. பவுல் தன் கடிதங்களில் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டில் கூடுகிறவர்களுக்கும், நிம்பா வீட்டில் கூடுகிறவர்களுக்கும் வாழ்த்துச் சொல்லுகிறார். சிரியாவில் துரா யூரோபோஸ் என்ற இடத்தில் மூன்றாம் நூற்றாண்டுச் சபை வீடு ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். குடியிருந்த வீட்டை இடித்து இணைத்துக் கூடும் அறையாக மாற்றியிருக்கிறார்கள். 313க்குப் பிறகு, ராஜா கான்ஸ்டன்டைன் ஆதரவு வந்த பிறகுதான் பெரிய பெரிய கோயில்.

ஆனால் அந்தப் பழைய வீட்டையும் பொன்னுலகமாக்க வேண்டாம். வீடு என்றால் வீட்டுக்காரன் என்று ஒருத்தன் இருப்பான். பிலேமோன் வீட்டில் சபை கூடியது. அதே பிலேமோன் அடிமை வைத்திருந்தவன். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் எழுதிய கடிதம் பிலேமோனுக்கு மட்டுமல்ல, அவன் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. கொரிந்து பட்டணத்தில் இன்னும் மோசம். கர்த்தருடைய பந்தி என்று கூடினார்கள். வசதிக்காரர்கள் கொண்டுவந்ததை முந்தித் தின்று முடித்தார்கள், மற்றவர்கள் பசியோடு கிடந்தார்கள். பவுல் கோபப்பட்டது அதற்குத்தான். அந்தியோகியாவில் பேதுருவே புறசாதிக்காரரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் பந்தியை விட்டு ஒதுங்கினார். பவுல் முகத்துக்கு நேரே கேட்டார். ஆக, சபையின் முதல் சண்டைகளில் ஒன்று நம் ஊர்ச் சண்டை: யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது?

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை சபைக்குள் வெளிப்படையாகவே நடந்தது. சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்புக் கிளம்பியது. இன்றைக்கும் சபைகளில் பாடப்படுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் சாதியை விடமுடியாது என்று வாதாடிய தரப்பில்தான் நின்றார். லெய்ப்சிக் மிஷன் விட்டுப்பிடித்தது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் கறாராக நின்றது. பெரியகுளம் வரைக்கும் நிலையம் வைத்து நம்ம பக்கத்துக்கு வந்த மிஷன் அதுதான். 1847இல் அது ஒரு சோதனை வைத்தது. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாச் சாதியாரும் கூடும் அன்பின் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டு என்றது. உபதேசிமார் உட்படப் பலர் மறுத்தார்கள். சபையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். வேதம் படித்துக் கொடுத்தவர்களே சோற்றைத் தொட மறுத்தார்கள்!

அந்தச் சோதனையில் ஒரு குறை உண்டு. விருந்து வைத்தது வெள்ளைக்காரர். சாப்பிட்டுக் காட்டு என்று சொன்னவர் சம்பளம் கொடுக்கிறவர். ஒடுக்கப்பட்டவர் அந்தப் பந்தியில் சோதனைக்கு வைக்கப்பட்ட பொருள், பந்தி வைக்கிறவர் அல்ல. தன் உலையை ஏற்றி மற்றவனை அழைக்கிற உரிமை அவருக்கு அப்போது வரவில்லை.

அந்த உரிமையைப் பற்றி யோசித்தவர் ஒருத்தர் உண்டு. ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940-2005). மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 'பரட்டை' என்றால் பலருக்குத் தெரியும். கர்நாடக இசைக் கீர்த்தனையும் வெள்ளைக்காரப் பாமாலையும் ஆண்ட சபைக்குள் கிராமிய மெட்டையும் பேச்சு மொழியையும் பறையையும் கொண்டுவந்தவர். கடவுளைப் பிதா என்று அழைக்காமல் பெத்தவர் என்று அழைத்தார். அந்தச் சொல்லில் ஆத்தாளும் உண்டு, அப்பனும் உண்டு. அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது ஒரே உலை. ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் போட்டுக் காய்ச்சி எல்லாரும் உண்பது. சாதி பிறப்பில் இருக்கிறது என்பார்கள்; அது தினமும் புதுப்பிக்கப்படுவது அடுப்படியில்தான். அப்பாவு கைவைத்தது அங்கே. அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். தமிழில், நம் பத்திரிகைகளில், அவரை ஒரு தலித் கவிஞராக வைத்து எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம்? பாட்டுக்காரப் பாதிரியார் என்று ஒதுக்கிவிட்டோம். இது நம் விமர்சனத்தின் வறுமை.

அப்பாவுவிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. பறையைச் சபைக்குள் கொண்டுவந்தது பெரிய கலகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்க காலனியில ஜெபக்கூட்டத்துக்கு வருகிற பல வீட்டு ஆம்பளைகள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நிறுத்தினவர்கள். அந்தத் தோலைத் தூக்கி எறிந்ததுதான் அவர்களுக்கு விடுதலை. அவர்கள் பிள்ளைகள் கீபோர்டு கேட்கிறார்கள். கல்லூரிச் சிற்றாலயத்தில் பறை அடிப்பதும், ஊர்க்காரன் கூப்பிட்டால் போய் அடித்தே ஆக வேண்டிய இடத்தில் பறை அடிப்பதும் ஒன்றல்ல. பறையை மீட்பதா, விடுவதா என்ற விவாதம் 1990களிலிருந்து நம்மிடம் நடக்கிறது. பெந்தெகொஸ்தே வீட்டுச் சபைகள் அதற்கு வாய்திறக்காமலே ஒரு பதில் சொல்லிவிட்டன. ஆனால் மெட்டில் தோற்றாலும் உலையில் அப்பாவு தோற்கவில்லை என்பதுதான் என் வாசிப்பு. அதுக்கு நான் கண்ட சான்று ஒன்று உண்டு.

சில வருசத்துக்கு முன்னால் ஊர்த் தெருவிலிருந்து ஒரு குடும்பம் பெரியம்மா வீட்டுக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தது. நிலபுலம் உள்ளவர்கள். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் எங்கெங்கோ அலைந்து கடைசியில் வந்தவர்கள். கண்ணீரோடு ஜெபம் பண்ணினார்கள், பொய்யில்லை. ஆனால் டீ கொடுத்தால் இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம் என்பார்கள். பிறகு பிளாஸ்கில் அவர்களே கொண்டுவந்தார்கள். பிறகு, கூட்டத்தை எங்க வீட்டுல வையுங்க, எடம் பெருசு, ஃபேன் இருக்கு என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனோம். நம்ம பொம்பளைகள் திண்ணையில், அவுக சொந்தக்காரர்கள் உள்ளே. போதகர் நடுவாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துப் பிரசங்கம் பண்ணினார். வடக்கன்குளத்துச் சுவர் நூறு வருசத்துக்கு முன்னால் இடிக்கப்பட்டதாகப் படித்திருக்கிறேன். அன்னைக்கு அது ஒரு நிலைப்படியாகக் கிடந்தது.

திரும்பி வருகிற வழியில் பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தன் வீட்டில் கூட்டம் என்று சொல்லி அனுப்பினாக. ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டாங்க என்றும் சொல்லி அனுப்பினாக. அப்பாவு யாரென்று பெரியம்மாவுக்குத் தெரியாது. பஞ்ச காலத்துல செய்தது நினைப்பு வந்துச்சு என்றுதான் பின்னால் சொன்னாக. உலை கொதித்துக்கொண்டிருந்தது. போதகரும் அந்தக் குடும்பமும் வந்ததும் பெரியம்மா சொன்னது இவ்வளவுதான்: "மொதல்ல எல்லாரும் கஞ்சி குடிப்போம் ஐயா. பெறகு ஜெபம்."

போதகர் நெளிந்தார். ஆவிக்குரிய காரியத்துக்கு வந்திருக்கோம்மா, சோத்துக்கு இல்லை என்றார். பெரியம்மா விடவில்லை. "ஆண்டவரே சோத்துப் பந்தியிலதான ஐயா கடைசி ராத்திரி உக்காந்தாரு" என்றாக. அந்தக் குடும்பத்து அம்மா மட்டும் ஒரு வட்டிலை வாங்கினாக. கை நடுங்கியது. இரண்டு வாய் குடித்தாக. அவுக வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். அடுத்த வாரத்திலிருந்து யாரும் வரவில்லை. காணிக்கையில் பெரும்பங்கு அவர்களிடமிருந்து வந்தது. போதகரும் கூட்டத்தை வேற இடத்துக்கு மாற்றிக்கொண்டார். பெரியம்மாவோடு ஏழு பொம்பளைகள் போதகர் இல்லாமலே வெள்ளிக்கிழமை கூடுகிறார்கள். பிளாஸ்டிக் சேர் மூலையில் கிடக்கிறது.

இதை வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. சபை உடைந்தது. அந்த அம்மா குடித்த இரண்டு வாய்க் கஞ்சிக்கு அவுக வீட்டில் என்ன கேட்டார்களோ. ஆனால் 1847இல் நடந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தத் தடவை சோதனை வைத்தது மிஷன் அல்ல. உலை நம்முடையது. அழைத்தது நாம்.

வீட்டுச் சபையைப் பற்றி எழுதுகிறவர் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அதில் பெரும்பாலும் ரிஜிஸ்தர் கிடையாது. கல்லுக் கோயிலில் ஞானஸ்நானம் என்றால் பேரேட்டில் ஏறும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி அந்தஸ்து போகும். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கொடுத்ததைக் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தார்கள். 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கைத் தள்ளிய உச்ச நீதிமன்றம், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது.

யார் மோசடி? கஞ்சி வட்டிலைத் தொட மறுக்கிறவன் எதிரே இருப்பவர் இந்துவா கிறிஸ்தவரா என்று கேட்டா மறுக்கிறான்? வேலிக்கு மேல் கவரை நீட்டுகிறவன் ஞானஸ்நானப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தா நீட்டுகிறான்? மதம் மாறினாலும் சாதி விடவில்லை என்று அம்பேத்கரே கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 'சிலுவைராஜ் சரித்திரம்' முடிகிற இடத்தை நினைத்துப் பாருங்கள்: படித்த பையன் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். பலர் அதைக் கேலியாக வாசித்தார்கள். எனக்கு அது நம்ம தெருவின் அன்றாடம். விசுவாசம் வீட்டுக்குள், சான்றிதழ் பீரோவுக்குள். வீடு என்பது ஆதிச் சபையின் எளிமை மட்டுமல்ல. அரசாங்கம் நம்மைத் தள்ளிய மறைவிடமும்தான். ரோமாபுரியில் ராஜாவுக்குப் பயந்து வீட்டில் கூடினார்கள். இங்கே தாலுகா ஆபீசுக்குப் பயந்து கூடுகிறார்கள்.

ஆகவே எழுதுகிற நண்பர்களுக்கு நான் சொல்ல வருவது இரண்டு விசயம். ஒன்று, சாட்சிகளைக் கேளுங்கள். விசுவாசிகளை ஏமாந்த சனம் என்று பார்க்காமல் கேளுங்கள். பாயில் சொன்னதையும் அடுப்படியில் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நம் அடுத்த நாவல் கிடக்கிறது. இரண்டு, சபைக்குள் இருக்கிற நம்ம படித்த பிள்ளைகளுக்கு: ஐக்கியம், ஐக்கியம் என்று ஒவ்வொரு பாட்டிலும் வருகிறது. ஐக்கியத்துக்கு அளவுகோல் பாட்டு அல்ல, கண்ணீரும் அல்ல. கூட்டம் யார் வீட்டில் நடக்கிறது? உலை யார் ஏற்றியது? அந்த வட்டிலை யார் கையிலிருந்து யார் வாங்கினார்? இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்டால் கூட்டம் குறையும், காணிக்கை குறையும், போதகர் கோவிச்சுக்கிட்டுப் போவார். குறையட்டும். எண்ணிக்கை எட்டுப் பேராக நின்றாலும் அந்த எட்டுப் பேரும் ஒரே உலையில் கஞ்சி குடித்தவர்களாக இருப்பார்கள்.